முற்றும் போடாத தொடர்கதை

இன்று அலுவலகத்தில் யாரோ பிரிண்ட் எடுத்த தாள்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சூடும் மை வாசமும் பட்டதும் கை தானாக அவற்றை மடித்துப் பைக்குள் வைக்கப் போனது, உன்னிடம் எடுத்து வர. பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. இத்தனை வருடங்கள் ஆகியும் இந்தப் பாழாய்ப்போன கைக்குப் புத்தி வரவில்லை.

ஆடுகோடிப் பகுதியில் நாம் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, வேலை முடிந்ததும் நான் தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடுவேன். "தமிழ் ஃபாண்ட் போட்டுப் போட்டே என் சிஸ்டம் ஸ்லோ ஆயிடுச்சும்மா" என்று கடைக்காரர் முனகுவார். இணையக் குழு ஒன்றில் வாரம் ஒரு பகுதியாகத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பகுதியின் அடியிலும் 'உங்கள் கருத்துகளைத் தவறாமல் சொல்லுங்கள்' என்று கெஞ்சுவேன். 'அருமை', 'அடுத்த பகுதி எப்போது' என்று பதில் வரும். அதை வைத்துப் பீற்றிக்கொண்டால் நீ சிரிப்பாய்.

"இவங்கல்லாம் படிச்சாங்களான்னே டவுட்டா இருக்குடீ. உன் கதாநாயகி கமலா அழறப்போ எனக்குக் கொட்டாவி வந்துச்சு."

கோபம் வரும். ஆனாலும் திருத்தி எழுதுவேன். நீ சொன்னது சரியாகவே இருக்கும்.

அப்புறம் உன் சிறுநீரகம் பழுதானது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் உனக்குக் கணினி ஏது? நான் அச்செடுத்துக்கொண்டு வந்தேன். ஒருநாள் நீ, "கமலாவுக்கு என்ன ஆகுதுன்னு தெரியாம நான் போகமாட்டேன்" என்றாய். உனக்கு அது விளையாட்டு. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முடிய வேண்டிய கதையை முடிக்கவில்லை. கமலாவுக்குத் தொலைந்துபோன தங்கை ஒருத்தி முளைத்தாள். கோர்ட் கேஸ் வந்தது. நின்றுபோன கல்யாணம் மறுபடியும் நிச்சயமானது. 'ஏன் இப்படி இழுக்கிறீர்கள்?' என்று குழுவில் திட்டினார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். போகட்டும் என்று விட்டேன். கதை ஓடும்வரை நீ இருப்பாய் என்று பைத்தியம்போல் நம்பினேன். 'முற்றும்' என்று தட்டப் பயமாக இருந்தது.

உன்னை ஏமாற்ற முடியுமா? தங்கை வந்த பகுதியைப் படித்துவிட்டுத் தாளை மார்மேல் கவிழ்த்து வைத்தாய்.

"கதை நாசமாப் போச்சுடீ. எனக்காகத்தான் இழுக்கிறே, தெரியுது. போதும், முடிச்சு எடுத்துட்டு வா."

"மாட்டேன்" என்றேன்.

"முடிவு நல்லா இருக்கணும். இல்லன்னா திட்டுவேன்" என்றாய், மூச்சு வாங்க.

அதை எழுத எனக்கு மனம் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்த மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். குழுவில் போடவில்லை. இப்போதும் வேறு கதைகள் எழுதுகிறேன், படிக்கிறார்கள், பாராட்டுகிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் கணினி மாறும்போதெல்லாம் கூடவே எடுத்துப் போகிறேன். யாருக்கும் காட்டியதில்லை. நன்றாக இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. ஒருமுறை வந்து படித்துவிட்டு, திட்டிவிட்டாவது போயேன்.