பதினொரு சதவீதம்

நாள் 212. காலை 08:10. அடிப்பள்ளம்.

எழுதுபவர் நவமணி, எரிபொருள் ஆய்வாளர், நெடுங்கல் கோள், மேட்டு முகாம். வண்டி எண் ஆறு. ஆய்வுக்கான பாசி மாதிரி இரண்டு டிரம் ஏற்றியாகிவிட்டது. வெளியே 41 டிகிரி. முகாமில் காற்று மெலிது, சூப்பர்சார்ஜர் அழுத்திக் கொடுத்தால்தான் எஞ்சினுக்கு மூச்சே வரும். இங்கே காற்று இரண்டு மடங்கு அடர்த்தி. பெட்ரோல் அரை டேங்க். ஏற்றத்துக்காக ஒரு பாட்டில் ஆக்டேன் பூஸ்டர் ஊற்றினேன். 09:00 மணிக்குப் புறப்பாடு. மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருப்பேன்.

நாள் 212. 09:25.

ஏறவில்லை. சரிவில் பாதி தூரம் போனதும் எஞ்சினுக்குள் டிங் டிங் என்று தட்டும் சத்தம். நாக்கிங். ஸ்பார்க்கின் தீ வந்து சேர்வதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் பயந்துபோய் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தியது, திறன் இறங்கியது, வண்டி பின்னோக்கிச் சறுக்கிப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மீட்டர் காட்டிய உச்சம் 118 குதிரைத்திறன். சரிவுக்குக் குறைந்தது 125 வேண்டும், அதுவும் உச்சி வரை குறையாமல்.

பள்ளத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி நட்டிருக்கும் வாயு எச்சரிக்கைக் கம்பங்களில், முதலாம் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. அதாவது பிளவிலிருந்து கரியமில வாயு கிளம்பிவிட்டது. நாளை மறுநாள் வரவேண்டியது, இரண்டு நாள் முந்திக்கொண்டது. வண்டி நிற்பது எட்டாம் கம்பத்தடியில். அரை மணிக்கு ஒரு கம்பம் என்று ஏறும். எட்டாம் விளக்கு எரிந்தால் இங்கே எஞ்சினும் ஓடாது, நானும் ஓடமாட்டேன்.

நாள் 212. 10:15.

டிரம்களை உருட்டித் தள்ளினேன். இரண்டாவது பாட்டிலையும் ஊற்றினேன். மறுபடி 118. மறுபடி சறுக்கல். மாட்டிக்கொண்டேன் என்று ரேடியோவில் முகாமுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், முனை முழுக்கச் செங்கல் நிறத்தில் படிவு. பூஸ்டரின் கைவரிசை. மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கியிருக்கிறது. பிஸ்டன் இன்னும் ஒரு ஏற்றம் தாங்கும், அவ்வளவுதான்.

மாஸ்க்கில் ஆக்சிஜன் நாற்பது நிமிடத்துக்கு. இந்தச் சரிவில் கால் நிற்காது, நடைபாதையோ வாயுவுக்குள் இறங்கித்தான் மேலேறும், மூன்று மணி நேரம் ஆகும். ஆக, வண்டிதான் வழி.

இதைக் கண்டெடுப்பவர் கேட்கலாம், வண்டியை மேலே இழுக்கும் வின்ச் கேபிள் ஏன் இல்லை என்று. போன மாதம் வரை இருந்தது. "பூஸ்டர் ஊற்றினால் சூப்பர்சார்ஜர் வண்டிகளுக்குப் பதினொரு சதவீதம் திறன் கூடுகிறது, கேபிள் தேவையில்லை" என்று ஒரு அறிக்கை வந்தது. கேபிளைக் கழற்றிச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து.

நாள் 212. 11:05.

சறுக்கியதில் பேட்டரி வயர் தளர்ந்திருந்தது. கழற்றித் துடைத்து மாட்டினேன். ஸ்டார்ட் செய்து சற்றே முன்னேறிப் பார்த்தேன். 131! சொட்டு பூஸ்டர்கூடப் புதிதாக ஊற்றவில்லை. மூன்று நிமிடம் அந்த அளவு நிலைத்தது. பிறகு டிங் டிங், மறுபடி 118.

118க்கும் 131க்கும் வித்தியாசம் பதினொரு சதவீதம்.

உட்கார்ந்துவிட்டேன். கணக்கை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

எங்கள் மெக்கானிக் இசக்கியப்பனுக்கு ஒரு பழக்கம். வண்டிக்குள் புதிதாக எதை ஊற்றினாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார், துடைப்பார், சந்தனம் குங்குமம் வைப்பார், பிறகு மாட்டுவார். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் அந்தப் பொட்டு எனக்குப் பிடிக்கும். அந்த அறிக்கைக்கான சோதனை நாளன்றும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். வயரைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பழைய நாக்கிங் நினைவையெல்லாம் மறந்துவிடும், கொஞ்ச நேரம் தைரியமாக ஸ்பார்க் கொடுக்கும். பூஸ்டர் இல்லாத சோதனைக்குப் பொட்டு வைக்கவில்லை. பூஸ்டர் சோதனைக்கு வைத்தோம். நான் அளந்தது பூஸ்டர் மருந்தை அல்ல, வயரை. முகாமின் மெல்லிய காற்றில் நாக்கிங்கும் திரும்ப வரவில்லை, அதனால் குட்டு உடையவில்லை.

தவறு இசக்கியப்பனுடையது அல்ல. கவனிக்கத்தான் எனக்குச் சம்பளம். முட்டாள். முட்டாள்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: பூஸ்டர் வெறும் தண்ணீர் இல்லை. ஆக்டேனை, அதாவது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவை, ஓரிரு எண் உயர்த்துகிறது. இந்தக் காற்றையும் சூப்பர்சார்ஜர் இரட்டித்து அடைத்தால் பத்து எண் வேண்டும்.

நாள் 212. 11:40.

வழி இருக்கிறது! சூப்பர்சார்ஜர் அழுத்திய காற்றை வெளியே விடும் காற்றுத் திறப்பில் கம்பி கட்டி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டேன். கீழே திறந்து வைத்துக் காற்றைக் குறைக்கலாம், மேலே போகப்போக இழுத்து மூடலாம். வயரை மறுபடி கழற்றி மாட்டியாயிற்று. பிஸ்டன் தாங்கினால் ஏறிவிடுவேன். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. எனக்கு அது போதும்.

ஐந்தாம் விளக்கு.

நாள் 212. 11:52.

ரேடியோ. டிரைவர் சுபைதா: "மேடம், கவலப்படாதீங்க. நானும் இசக்கியண்ணனும் நாலாம் நம்பர் வண்டில கெளம்பி வந்துக்கிட்டிருக்கோம். ரெண்டு பாட்டில் ஊத்தியாச்சு. பத்து நிமிஷத்துல பள்ளத்து விளிம்பு. எறங்கி, கட்டி இழுத்துட்டு வந்துருவோம்."

இறங்கினால் ஏறமுடியாது என்று கத்தினேன். அறிக்கை தவறு என்றேன். பொட்டு, வயர், எல்லாம் சொன்னேன். எனக்கே பைத்தியக்காரி பேச்சு போலக் கேட்டது.

சுபைதா: "மேடம், நீங்க கேஸ் ஏரியால இருக்கீங்க. அங்கேர்ந்து வர்ற பேச்ச நம்பாதே, எழுத்துல இருக்குறத நம்புன்னு ரூல் இருக்கு. எழுத்துல பதினொரு பர்சென்ட்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? கொஞ்சம் அமைதியா இருங்க."

அந்த விதி சரியான விதி. போன வருடம் வாயு ஏறிய ஒருவர் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி உத்தரவு போட்டார்.

நாள் 212. 11:58.

பேச்சை நம்பமாட்டார்கள். சத்தத்தை நம்புவார்கள். இசக்கியப்பனின் காது எந்த மீட்டரையும் விடச் சரி.

காற்றுத் திறப்பை மூடி, பிரேக்கை மிதித்துக்கொண்டு முழு ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் நின்ற இடத்திலேயே நாக்கிங் வரும். மைக்கை பானெட்டுக்குள் தொங்கவிடலாம். பிஸ்டன் போய்விடும். என் ஒரு ஏற்றமும் அதோடு போய்விடும்.

சுபைதாவுக்கு வயது இருபத்தாறு. எனக்கும் மேலே வர ஆசையாகத்தான் இருக்கிறது. ரொம்ப ஆசையாக இருக்கிறது.

கம்பியை இழுத்து மூடிவிட்டேன்.

நாள் 212. 12:07.

ஒன்றரை நிமிடம் தட்டியது. பிறகு பெரிய சத்தம், புகை, அமைதி.

ரேடியோவில் இசக்கியப்பன்: "சுபைதா, நிறுத்து! பிரேக்கப் போடு, எறங்காத! மேடம்... கேட்டுட்டேன் மேடம். மூணாவது சிலிண்டரு. நம்ம மருந்து ஊத்துன எஞ்சினா இந்தச் சத்தம் போடுது? ஏன் மேடம் உடைச்சீங்க?"

நின்றுவிட்டார்கள். விளிம்பில், மேலே. அப்பாடா.

கம்பி வித்தையைச் சொல்லவில்லை, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புக்கு இன்னும் இரண்டு உயிரை இறக்கமாட்டேன். சூப்பர்சார்ஜருக்குப் பெரிய புல்லி மாட்டுங்கள், மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், அப்புறம் வாருங்கள் என்றேன். முகாமுக்குப் போய், புல்லி மாட்டித் திரும்ப ஆறு மணி நேரம் என்றார். "சரி, மெதுவாக வாருங்கள்" என்றேன். அவருக்கும் கணக்குத் தெரியும். அழுகிறார்.

நாள் 212. 13:10.

எட்டாம் விளக்கு. மாஸ்க் போட்டாயிற்று. வண்டிக்கூரை மேல் உட்கார்ந்திருக்கிறேன். தலை வலிக்கிறது, எழுத்து கோணுகிறது. அறிவு தெளிவாகத்தான்

தெளிவாகத்தான் இருக்கிறது.

நாள் 212. 13:4

திருத்திய அறிக்கை. பூஸ்டரால் கூடிய திறன்: அளக்கும் அளவுக்கு இல்லை. பழைய தாளைக் கிழித்துவிடவும். கேபிளைத் திரும்ப மாட்டவும்.

இசக்கியப்பன், பொட்டு வையுங்கள். கட்டாயம் வையுங்கள். வயரை மட்டும் கழற்றாதீர்கள்.

பேச்சை நம்பவேண்டாம். இது எழுத்து. கையெழுத்தும் போடுகிறேன், அதே கை

நவ