பலகை இடுக்கால் பார்த்த இலக்கம்

1993 ஏப்ரல் 11
தென்னாபிரிக்கக் கம்யூனிஸ்ட் தலைவர் கிறிஸ் ஹானியை நேற்று அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்களாம். காலை வானொலியில் சொன்னார்கள். இன்றைக்கு ஒரு சட்டையும் தைக்கவில்லை.

ஏப்ரல் 18
வாசிகசாலையில் இரங்கல் கூட்டம். ஒன்பது பேர். தீர்மானத்தை நான்தான் வாசித்தேன், அழுகை வந்துவிட்டது. பின்வரிசையில் அன்னப்பிள்ளை இருந்தார். கட்சித் தோழர் தம்பிமுத்துவின் மனைவி. மூன்று வருசத்துக்கு முன், என் தையல் கடைக்கு எதிரே தம்பிமுத்துவின் சைக்கிள் கடையில் வைத்து, ஆயுதக்காரர் அவரை வேனில் ஏற்றிப் போனார்கள். இன்னும் தகவல் இல்லை.

கூட்டம் முடிய அன்னப்பிள்ளை வந்து, அண்ணன் முறை வைத்தே கேட்டார்: "காக்கா, என்ட மனுசனுக்கு எப்ப தீர்மானம் போடுவீங்க?"

இறந்தவருக்குத்தானே இரங்கல் என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

ஏப்ரல் 25
கட்சிப் பத்திரிகை வந்தது. ஹானியைக் கொன்றவன் பிடிபட்டது அயல்வீட்டு வெள்ளைக்காரப் பெண்ணால். கார் இலக்கத்தைப் பார்த்து உடனே பொலிசுக்குச் சொல்லியிருக்கிறாள். தன் இனத்தான் என்று பார்க்கவில்லை.

நானும் பார்த்தேன். கடைப் பலகை இடுக்கால், தம்பிமுத்துவை ஏற்றிய வேனின் இலக்கம் முழுதாக. வேனின் முன் சீட்டில் இருந்தவன் எங்கட ஆள், முஸ்லிம்.

பழைய நாட்குறிப்பைப் புரட்டினேன். அன்றைய திகதியில் எழுதியிருப்பது: "கடை பூட்டு. கடும் வெயில்." வேறொன்றும் இல்லை. கோழை!

ஏப்ரல் 26
மனைவி றபீக்காவிடம் கண்டதைச் சொன்னேன். அழுதாள். "மச்சான், மூணு குமர் இரிக்கி" என்றாள், மகள்கள் படுத்திருந்த அறையைக் காட்டி.

வேறு யாரிடமும் சொல்லமாட்டேன்.

1995 மே 30
வேனின் முன் சீட்டில் இருந்த அவன் மௌத்து. நெஞ்சுவலியாம். ஜனாஸாத் தொழுகைக்குப் போனேன்.

யூலை 20
காணாமற்போனோர் விசாரணைக் குழுவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இலக்கம், நேரம், ஆள். ஏன் ஐந்து வருசம் என்று கேட்டார்கள். பயம் என்றேன். அவன் இறந்த பிறகுதான் துணிவு வந்தது என்று சொல்லவில்லை.

வெளியே அன்னப்பிள்ளை நின்றார். சாட்சி சொன்னதைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன், மறைப்பானேன்.

"ஓம் காக்கா, தெரியும். அண்டைக்கு அவருக்குச் சோறு கொண்டு வந்தனான். நீங்க பலகைக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டத கண்டன். நீங்களா வந்து சொல்லுவீங்க எண்டுதான் இவ்வளவு நாளும் கேக்கல்ல."

திரும்பும் பஸ்ஸில் எனக்கும், கூட வந்த றபீக்காவுக்கும் பக்கத்தில் இடம் இருந்தது. றபீக்கா கூப்பிட்டாள். அன்னப்பிள்ளை, இறங்கும் இடமான கல்முனை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.