வாத்துப் படகுக்கு இரண்டு டிக்கெட்

நெம்மேலி குப்பம்,
7-2-1978, செவ்வாய்க்கிழமை.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் போர்ட்பிளேரில் இருக்கிற என் மகன் தேசப்பனுக்கு உன் நைனா இருசப்பன் வாயால் சொல்லி எழுதவைக்கிற கடிதம். நீ கை கால் சுகத்தோடு இருக்கவேண்டும் என்று எல்லையம்மனைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரி வரவேண்டும், எழுதுகிற பொண்ணும் நான் சொல்லாமலே அதை எழுதப் போனது, வேணாம்மா அடிச்சிடு என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இனிமேல் சரியாகாது. மார்கழியில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். நாங்கள்தான் லேட்டாகக் கூட்டிப்போனோம், டாக்டர் மேல் குற்றமில்லை. அந்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்க பெரியவரே, என்ன கேட்கிறாங்களோ அதைக் கொடுங்க என்றது. உன் தங்கச்சி வச்சலாவின் புருஷன் கோவளம் போய் உனக்குத் தந்தி கொடுக்கிறேன், தாய் சீரியஸ் உடனே புறப்படு என்று கொடுக்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். நான்தான் விடவில்லை. நம்ம குப்பத்தில் யாருக்கு அப்படித் தந்தி வந்தாலும் அங்கே எல்லாம் முடிந்துபோச்சு என்றுதான் அர்த்தம், உன் பெரியப்பன் செத்து முழுசாக ஒரு நாள் ஆன பிறகு அவர் மகனுக்குப் போன தந்தியிலும் சீரியஸ் என்றுதான் இருந்தது. உனக்கும் அது தெரியும். பார்த்ததும் அம்மா போய்விட்டாள் என்று அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு இருந்துவிடுவாய். அவள் உயிரோடு இருக்கிறாள். அதைச் சொல்லத்தான் கடிதம்.

நாலு வருஷமாக நீ அனுப்புகிற மணியார்டர் தாளில் அடியிலே நலம் என்று ஒரே ஒரு வார்த்தை இருக்கிறது, போஸ்டுமேன் அதைப் படித்துவிட்டு அவ்ளோதான் பெரியவரே என்கிறான். நீ பேசாமல் போனது ஏன் என்று எனக்குத் தெரியாதா. ஐப்பசி மாசம் பதினெட்டாந் தேதி, விடியக்காலம், கட்டுமரத்தில் போகவேண்டியது உன் முறை. அதற்கு முந்தின நாள் திருக்கை மீன் முள் குத்தி உன் வலது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது, சடையன் நான் போறேண்ணே என்று உன் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியையே கட்டிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் மரம் மட்டும் கோவளத்துப் பக்கம் ஒதுங்கியது, உன் தம்பி ஒதுங்கவில்லை. அப்போது உன் அம்மா குப்பமே பார்க்க மார்பில் அடித்துக்கொண்டு, நீ போக வேண்டிய மரத்துலதானேடா எம் புள்ளை போனான் என்று உன்னைப் பார்த்துச் சொன்னாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மெட்ராஸ் ஹார்பருக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டாய். எனக்கு எழுத்துத்தான் வராது, நடந்தது ஒன்றும் மறக்காது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன் கேள். நம்ம ரோட்டு மேலே சவுக்குத் தோப்புக்குள் மெட்ராஸ் முதலாளி ஒருத்தர் குழந்தைகளுக்கென்று ஒரு பூங்கா போட்டிருக்கிறார், நீ போன பிறகு வந்தது. பெரிய ராட்டினம், குட்டி ரயில், அப்புறம் இடுப்பளவு தண்ணீர் விட்ட சிமெண்டுத் தொட்டி, அதிலே வாத்து மாதிரி செய்த இரண்டு பேர் உட்காருகிற படகுகள். கயிறு கட்டி ஒரு ஆள் தண்ணீரிலே நடந்து இழுத்துக்கொண்டு சுற்றிவருவான். காணும் பொங்கலன்று வச்சலா அவள் பிள்ளைகளோடு அங்கே போகக் கிளம்பினாள். கஞ்சித் தண்ணிகூட இறங்காமல் படுத்திருந்த உன் அம்மா திடீரென்று, என்னையும் இட்டுக்கினு போங்க, நான் அந்தப் படகுல ஏறணும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஜனத்தில் பொம்பளை கட்டுமரத்தில் கால் வைக்கக்கூடாது, அவளும் அம்பது வருஷம் இந்தக் கரையில் நின்று எங்களை அனுப்பினாள், வந்ததைக் கூடையில் வாங்கினாள், வராததற்கு அழுதாள், ஒரு நாள் தண்ணீர் மேல் இருந்தது கிடையாது. இன்னாடி பேச்சு இது என்றேன். எம் புள்ளை கடைசியா எது மேல இருந்தான்னு தெரியாமலே போகச் சொல்றியா என்று கேட்டாள். கேட்கிறதைக் கொடு என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு அவளைப் படுக்கவைத்து ஓட்டிக்கொண்டு போனோம்.

அங்கே போனால் தலை தலையாகக் கூட்டம், மெட்ராஸ் ஜனம் முழுக்க அங்கேதான் இருந்தது. டிக்கெட் ஜன்னலில் இருந்த பொண்ணு பெயர் ரெபேக்காள், கோவளத்துப் பொண்ணு. இந்த இடத்தில் அது பேனாவை வைத்துவிட்டது, ஆமாம், இதை எழுதுகிறதும் அதுதான், என்னைப் பத்தி நானே எப்படித் தாத்தா எழுதறது என்கிறது. எழுதும்மா, நான் சொல்கிறதைத்தானே எழுதுகிறாய் என்றேன், எழுதுகிறது. அன்றைக்குக் காலையிலிருந்து அது அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்கவில்லை, தொண்டை கட்டிப்போயிருந்தது. படகு பன்னிரண்டு வயசுக்குள்ளே இருக்கிற குழந்தைகளுக்குத்தான் தாத்தா, போர்டு போட்டிருக்கு என்று என்னிடம் மெதுவாகச் சொன்னது. வண்டியில் படுத்திருந்த உன் அம்மாவுக்குக் காது மட்டும் நன்றாக இருக்கிறது, வாயில ரெண்டு பல்லுதான் கீது, கொழந்தைன்னு எழுதிக்கோம்மா என்றாள். அந்தப் பொண்ணு சிரித்துவிட்டு எழுந்து வந்து அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை டிக்கெட் பாட்டி என்றது. ரெண்டு என்றாள் உன் அம்மா. ஒன்று எனக்கு என்று நான் நினைத்துக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒருத்தன், நாங்க ரெண்டு மணி நேரமா நிக்கறோம், கெழவிக்கு வந்த ஆசையைப் பாரு என்றான். தொட்டியைச் சரி பார்க்கணும், பத்து நிமிஷம் படகு கிடையாது என்று ரெபேக்காள் விசிலை எடுத்து ஊதிவிட்டது.

வண்டியிலிருந்து அவளை யார் தூக்குவது என்று நான் திகைத்து நிற்கும்போது ஒரு கரடி வந்தது. சிரிக்காதே, கரடி வேஷம் போட்டுப் பிள்ளைகளுக்குக் கை கொடுக்கிறவன், முனிசாமி என்று பெயர். அந்த மயிர்ச் சட்டையோடு வியர்வை நாற்றத்தோடு உன் அம்மாவை இரண்டு கையாலும் பூ மாதிரி அள்ளிக்கொண்டான். விளையாட்டு என்று நினைத்து ஒரு கூட்டம் பிள்ளைகள் கையைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தன. உன் அம்மா கரடியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, டேய், உம் பேரு இன்னாடா, சாப்ட்டியா என்று கேட்டாள். எம் பேரு முனிசாமி ஆத்தா, இந்த மூஞ்சியைக் கழட்டினாத்தான் சோறு, கூட்டம் கீற வரைக்கும் கழட்டக்கூடாதுன்னு உத்தரவு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அப்போ மணி நாலு.

தொட்டியில் நின்றவன் ஷேக் தாவூத், உன் வயசுதான் இருக்கும். காலையிலிருந்து தண்ணீரிலேயே நின்று அவன் கையெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. அவளை வாங்கிப் படகில் உட்காரவைத்தான். நானும் ஏறப் போனேன். நீ எறங்கு, அது உன் எடமில்லே என்றாள். எல்லார் முன்னாலும் ஒரு கால் படகிலும் ஒரு கால் கரையிலுமாக நின்றேன். நான் காலை எடுத்ததும் ஒரு பக்கம் பாரமில்லாமல் படகு சாய்ந்தது, ஷேக் தாவூத் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தீப்பிடித்தால் அணைக்க மணல் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே சிவப்பு வாளி, அதில் இரண்டை எடுத்து வந்து அந்தக் காலி இடத்தில் வைத்துச் சமன் பண்ணினான். ஏன் எதற்கு என்று அவனும் கேட்கவில்லை. அலுங்காமல் ஒரு சுற்று இழுத்தான். உன் அம்மா ஒரு கையால் வாளியைப் பிடித்துக்கொண்டு, இப்படியா இருந்திருக்கும், ஆட்டு நைனா, எம் புள்ளைக்கு ஆடினது மாதிரி ஆட்டு என்று அவனிடம் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நாற்பத்தஞ்சு வருஷம் கடலுக்குப் போனவன் நான், தலையைக் குனிந்துகொண்டேன். அவனும் கடற்கரைப் பிள்ளை, புரிந்துகொண்டான். படகின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான், அவள் விழாதபடிக்குத் தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டே ஆட்டினான். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கரை எங்க கீது என்று கேட்டாள். இங்க கீறேன் சொர்ணம் என்று கத்தினேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, நீ தெரியறே, அவனுக்கு யாருய்யா தெரிஞ்சாங்க என்றாள். அதற்கு நீயாவது சொல்லு.

மூன்று சுற்று சுற்றி இறக்கினார்கள். ஷேக் தாவூத் வேலை முடிந்ததும் துவட்டிக்கொள்ள வைத்திருந்த ஒரே உலர்ந்த துண்டை எடுத்து அவள் மேல் போர்த்தினான். உம் மூஞ்சியைக் காட்டுடா என்று அவள் கரடியைக் கேட்க, முனிசாமி அத்தனை பேருக்கு நடுவில் தலையைக் கழற்றிவிட்டான், அவள் அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். அதைப் பார்த்த பூங்கா மேஸ்திரி மறுநாளிலிருந்து வேஷத்தைப் பிடுங்கிக்கொண்டு சவுக்குச் சருகு பெருக்க விட்டுவிட்டானாம். முனிசாமி வந்து அதைச் சொல்லிவிட்டு, இப்பத்தான் ஆத்தா காத்து வருது என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரே குடும்பத்தோடு சுற்றிப்பார்க்கப் போகிற நாளில் இவர்கள் தங்கள் வீட்டை விட்டுவிட்டு ஊரான் பிள்ளைகளைச் சிரிக்கவைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சாயந்திரம் போகும்போது ஒருத்தராவது நன்றாகப் பார்த்துக்கொண்டாய் என்று இவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார்களா. செவ்வாய்க்கிழமை லீவு நாளில் மூன்று பேரும் நம்ம வீட்டுக்கு வருகிறார்கள், இது மூன்றாவது செவ்வாய். ஷேக் தாவூத் கோவளத்திலிருந்து ஐஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவான், அவளுக்கு இப்போது அது ஒன்றுதான் நாக்கில் நிற்கிறது. பெற்ற பிள்ளை செய்யவேண்டியதை இவர்கள் செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னேன், ரெபேக்காள் அப்படி எழுதினால் அண்ணனுக்கு வருத்தமாக இருக்கும் என்கிறது. வருத்தமாகத்தான் இருக்கட்டும், எழுதும்மா.

அந்தக் காலி இடம் சடையனுக்கு என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது கேட்டேன். அவனுக்கு எதுக்குய்யா எடம், அவன்தான் தண்ணியிலயே கீறானே என்றாள். அது பெரியவனுக்குய்யா என்றாள், உன்னைத்தான் சொன்னாள். பக்கத்துல வந்து குந்தினான்னா அன்னிக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கணும்னு நெனச்சினு இருந்தேன், வாளி வந்து குந்திக்கிச்சி என்றாள். அப்போதுதான் நான் நாலு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். அன்று விடியக்காலம் தெற்கே மேகம் கருத்து நின்றதை நான் பார்த்தேன், நீர் ஓட்டமும் மாறியிருந்தது. இரண்டு நாளாக வலையில் மீன் சரியாக விழவில்லை என்று, போய்ட்டு சுருக்கா வந்துர்றா என்று சடையனிடம் சொல்லி மரத்தைத் தள்ளிவிட்டது இந்தக் கைதான். அவள் உன்னைச் சொன்னபோது எனக்குச் சேரவேண்டிய சொல் அது என்று தெரிந்தும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இதைச் சொன்னதும் என் மூஞ்சியில் துப்புவாள் என்று இருந்தேன். தெரியும்யா என்றாள். உன்னைச் சொல்லிட்டா அப்புறம் நான் யாரோட வாழறது, அவன் எம் புள்ளை, தாங்கிக்குவான்னு அவன் மேல போட்டுட்டேன், அவன் தாங்கலே என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை தேசப்பா. கடிதம் எத்தனை நாளில் வந்து சேரும், அங்கிருந்து கப்பல் எப்போது என்று எனக்குத் தெரியாது, மாசி பிறக்கிற வரைக்கும் தாங்கினால் அதிகம் என்று வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று பேசுகிறது என் காதில் விழுகிறது. வாத்துப் படகின் இரண்டாவது டிக்கெட்டை அவள் தலகாணி அடியில் வைத்திருந்தாள், அதை இதோடு வைத்திருக்கிறேன், கிழித்தது போக மீதிப் பாதி. வந்தால் அந்த மூன்று பேரையும் ஒரு தரம் பார்த்துக் கும்பிடு. உனக்கு எழுத்துத் தெரியும், அந்த முனிசாமிக்காக முதலாளிக்கு நாலு வரி எழுதிப்போடு, நான் சொன்னால் யார் கேட்பார்கள். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தில் படுக்காதே, முள் குத்தின கால் மழையில் இன்னும் வலிக்கிறதா. எல்லையம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், எங்கள் ஆயுசில் மிச்சம் இருந்தால் அது உனக்குச் சேரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. இதற்குப் பின்னால் தந்தி வந்தால் நீ புறப்படவேண்டாம், வந்து பார்க்க ஒன்றும் இருக்காது. இந்தக் கடிதத்துக்குத்தான் நீ புறப்படவேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா இருசப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை.
பக்கத்தில் மை சரியாகப் பதியாமல் இருக்கிற சின்ன ரேகை உன் அம்மாவுடையது. இன்று மத்தியானம் வைத்தாள்.