மில்லுக்கு நீ போட்ட மதிப்பு

இன்று காலை ரயிலடிப் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில் நீர்மோர் கொடுத்தார்கள். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இரத்தம் கொதித்தது. டம்ளரைச் சுவரில் வீசி அடித்துவிட்டேன். பெண் வீட்டார் ஓடி வந்தார்கள். என் மனைவிதான் "அவருக்கு மோர் ஒத்துக்காதுங்க" என்று ஏதோ சொல்லிச் சமாளித்து என்னை வெளியே இழுத்து வந்தாள். உன் ஞாபகம் வந்தால் நான் இப்படித்தான் என்று அவளுக்குப் பழகிவிட்டது.

நம் பிழைப்பே சாவு வீட்டுக்குள் நுழைவதுதான். சொத்துள்ள ஒருவர் கண்ணை மூடினால், விட்டுப்போனதற்கெல்லாம் மதிப்புப் போட்டு, அதன்மேல் சர்க்காருக்கு வரி கட்டினால்தான் பிள்ளைகளுக்கு வாரிசுப் பத்திரம் கிடைக்கும். வக்கீல்கள் நம்மை அனுப்புவார்கள். அளவுச் சங்கிலியின் ஒரு முனை உன் கையில், மறுமுனை என் கையில். மதிப்புப் போடும் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நீ வைத்த சட்டம். பர்மாக்காரர் வீடோ தமிழர் வீடோ, தண்ணீர்கூட நம் கூஜாவில்தான். "ஒரு வாய் தின்னுட்டா பேனா அந்தப் பக்கம் சாஞ்சிரும்டா" என்பாய். ரங்கூன் முழுக்க அது தெரியும். அதனால்தான் அடித்துக்கொள்கிற பங்காளிகள்கூட உன்னை ஒப்புக்கொண்டார்கள்.

கெமண்டைன் ஆற்றோரத்து அரிசி மில் அப்படித்தான் உன்னிடம் வந்தது. மில்லுக்காரர் இறந்துபோனார்; இரண்டு பிள்ளைகள். மில்லை மூத்தவன் வைத்துக்கொண்டு, நீ போடும் மதிப்பில் பாதியை இளையவனுக்குப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. மதிப்புக் குறைந்தால் மூத்தவனுக்கு வரியும் மிச்சம், தம்பி பங்கும் மிச்சம். ஏறினால் இளையவனுக்குக் கொண்டாட்டம். நடுவில் நீ.

மூத்தவனின் ஆட்கள் நம்மைப் படகுத்துறையில் மடக்கி உன் பல்லை உடைத்தார்கள். அந்த வாரமே இளையவன் உன் வீட்டு ஜன்னலைக் கல்லெறிந்து நொறுக்கினான். நீ இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தாய். "ரெண்டு பேரும் அடிக்கிறானுங்கன்னா நம்ம கணக்கு சரியா இருக்குன்னு அர்த்தம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே விட்டுவிட்டு வா என்று உன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். நீ கேட்கவில்லை.

கடைசி நாள். இயந்திரங்களுக்கு மதிப்புப் போட்டாயிற்று. மில்லுக்குப் பின்னால் மூத்தவன் குடியிருந்த வீடு மட்டும் பாக்கி. தகரக் கூரைக்குக் கீழே வெயில் உலையாக இருந்தது. கூஜா காலி. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். அந்த வீட்டு அம்மா, மில்லுக்காரரின் மனைவி, ஒரு செம்பில் இஞ்சி தட்டிப் போட்ட மோர் கொண்டு வந்தார். இரண்டு தரம் வேண்டாம் என்றாய்.

"இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு துரும்புகூட இல்லேன்னு எழுதிட்டீங்க தம்பி. சட்டம் அப்படின்னா இருக்கட்டும். இந்த மோரு நான் கடைஞ்சது. இது எம் புள்ளைங்களோடது இல்ல. எனக்காகக் குடிங்க."

நீ அந்த முகத்தைப் பார்த்தாய். வாங்கிக் குடித்தாய்.

இளையவன் அப்போதுதான் வாசலில் வந்து நின்றான். யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது என்று கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணன் வீட்டில் நீ கை நனைத்துவிட்டாய். "வித்துட்டியாடா! ஒரு செம்பு மோருக்கு என் பங்கை வித்துட்டியாடா!" என்று கத்தினான். வாசலில் தேங்காய் வெட்ட வைத்திருந்த பர்மாக் கத்தியை எடுத்தான். உன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் அது இறங்கியது. விறகு பிளக்கிற சத்தம் கேட்டது.

அடுத்த வெட்டு விழுவதற்குள் சங்கிலியைச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தேன். கன்னம் கிழிந்து தொங்கியது. இன்னும் இரண்டு அடி அடித்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. மூத்தவன் இரும்புக் கம்பியோடு ஓடி வந்தான், உன்னைக் காப்பாற்ற இல்லை. உன்னைத் தாண்டிக்கொண்டு போய்த் தம்பியின் முட்டியை உடைத்தான். உன் இரத்தத்தில் புரண்டு, ஒருவனை ஒருவன் கடித்தார்கள். அந்த அம்மா இரண்டு கையாலும் இரண்டு பிள்ளைகளையும் அடித்துக்கொண்டு அலறினார். மில்லில் எஞ்சின் ஓட்டும் பர்மாக்காரன் கோ ஹ்லா உன்னைத் தோளில் தூக்கி ரிக்‌ஷாவில் போட்டான்.

ஆஸ்பத்திரியில் வெட்டுப் புண் புரையோடியது. அந்த அம்மா தினமும் வந்து தரையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நீ, "மோரு நல்லா இருந்துச்சும்மா" என்றாய். அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

மூத்தவனும் வந்தான். தம்பி லாக்கப்பில் கிடந்தான். "உங்களை வெட்டுனவனுக்கா பணம் போகணும்? குறைச்சுப் போட்டுக் குடுங்க, யாரு கேக்கப்போறா?" என்றான். முதல் தடவையாக அந்த அயோக்கியன் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அவன் போனதும் நானும் அதையே சொன்னேன். பாதியாகக் குறைத்து எழுதி, வெட்டினவன் வாயில் மண்ணைப் போடுவோம் என்றேன்.

நீ கண்ணைத் திறக்காமலே பேசினாய். "அவன் என்னைத்தானே வெட்டினான். மில்லு என்னடா தப்பு பண்ணுச்சு? உள்ளதைப் போடு."

கத்தினேன். நர்ஸம்மா வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். திரும்பி வந்தபோது நீ என் கையைப் பிடித்தாய். போடுகிறேன் என்று சொல்லும்வரை விடவில்லை. மறுநாள் உன்னை எரித்தோம்.

உள்ளதைப் போட்டேன். ஒரு ரூபாய் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூத்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு வரியைக் கட்டினான், தம்பி பங்கை எண்ணி வைத்தான். அந்தப் பணத்தில்தான் இளையவன் பெரிய பாரிஸ்டரை வைத்தான். அந்தப் பாரிஸ்டர்தான் அவனைத் தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கினார். இன்சீன் சிறையில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறான்.

உன் சாம்பல் கரைந்த ஆற்றைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். இன்னும் எந்த வீட்டிலும் உள்ளதைத்தான் எழுதுகிறேன்; வேறு மாதிரி எழுதக் கை வரவில்லை. அவனை நான் மன்னிக்கவில்லை. என் கையாலேயே அவன் உயிரைக் காப்பாற்ற வைத்தாயே, உன்னையும் மன்னிக்கவில்லை.