ஐம்பது லட்சம் குஞ்சுகள்

ஜூன் 9
யாழினி இன்றும் ஆரம்பித்துவிட்டாள். எது எண், எது எழுத்து என்று நிரலில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டுமாம். தப்பு இருந்தால் நிரல் ஓடுவதற்கு முன்பே கணினி மறுத்துவிடுமாம். இவள் ஜாதகம் பார்க்காமல் காபிகூடக் குடிக்க மாட்டாள் போல. நான் நிரல் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் எங்கள் மென்பொருள் கம்பெனி என்பதே நாங்கள் இருவர்தான். வாடிக்கையாளரும் ஒரே ஒருவர் — ராசிபுரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அங்கம்மாள். அவர் குஞ்சுக் கணக்கைப் போட்டால், அதற்கேற்பத் தீவனம் கேட்டு எங்கள் செயலி ஆலைக்கு எழுதும். இதற்குப் போய் இத்தனை பந்தாவா?

ஜூன் 12
அங்கம்மாள் குஞ்சுக் கணக்கை 5000+100 என்றுதான் போடுகிறார். அந்த நூறு, குஞ்சு விற்பவர்கள் இனாமாகத் தருவது. கூட்டல் குறியில் வெட்டி, இரண்டையும் கூட்டும்படி எழுதினேன். நாலே வரி. கௌசிக், நீ மேதைடா.

ஜூன் 13
மேதை இல்லை.

வெட்டிய துண்டுகள் எழுத்தாகவே இருந்திருக்கின்றன. என் நிரல் கூட்டாமல் ஒட்டிவிட்டது: 5000100. பிறகு அதையே எண்ணாக எடுத்துக்கொண்டு, ஐம்பத்தொரு கிலோ தீவனம் கேட்க வேண்டிய இடத்தில் ஐம்பது டன் கேட்டு ஆலைக்கு அனுப்பியிருக்கிறது. ஆலைக்காரர் அங்கம்மாளைக் கூப்பிட்டு, "நாமக்கல்லுக் கோழி பூராவும் உங்க பண்ணைக்கே வந்துருச்சுங்களா?" என்றாராம்.

"ஏஞ்சாமி, என்னைய ஊர் சிரிக்க வெச்சுப்புட்டியே. இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா எனக்கு இந்த எழவே வேண்டாம்" என்றார் அங்கம்மாள்.

யாழினி என் நாலு வரியையும் ஒருமுறை படித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 17
எல்லாவற்றையும், எண்ணா எழுத்தா என்று வகை எழுதச் சொல்லும் டைப்ஸ்கிரிப்ட் மொழிக்கு யாழினி மாற்றிவிட்டாள். நாற்பத்து மூன்று இடத்தில் தப்பு என்று சிவப்புக் கோடு. அத்தனையும் என் வரிகள்.

ஜூன் 19
இப்போது திரையில் குஞ்சுக் கணக்குப் போடும் பெட்டி எண்ணை மட்டும் வாங்குகிறது. 5000+100 போட்டால் முடியாது என்கிறது. மொத்தமாக 5100 போடச் சொன்னால் அங்கம்மாள் கேட்பதில்லை. "நா நோட்டுலயே எழுதிக்கறேன், உடுங்க" என்றுவிட்டார். உன் வழியும் ஓடவில்லையே என்று யாழினியைப் பார்த்துப் பல்லைக் காட்டினேன். பிறகுதான் உறைத்தது — அவர் போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

ஜூன் 21
பண்ணைக்கே போய்க் கேட்டேன். 5100-ன்னு போட்டா என்னங்க?

"வழியில செத்ததை அந்த நூத்துல கழிக்கோணும். ஒண்ணாக் கலக்கிட்டா எப்பிடிச் சாமி தெரியும்?"

இதைக் கேட்க எனக்குப் பத்து நாள் ஆகியிருக்கிறது!

திரும்பி வந்து இரண்டு பெட்டி வைத்தேன்: வாங்கியது, இனாம். இரண்டுக்கும் எண் என்று நானே வகை எழுதினேன். இனாமைச் சேர்க்க மறந்த மூன்று இடங்களை, நிரலைச் சோதிக்கும் கம்பைலர் போட்டுக்கொடுத்தது. அதைத் திட்டிக்கொண்டே திருத்தினேன்.

ஜூலை 4
"அடுத்த செட்டுக் குஞ்சும் இதுலயே போட்டுக்கலாம் சாமி" என்றார் அங்கம்மாள். அவர் தங்கை மயிலம்மாளின் பண்ணைக்கும் இதுபோல ஒரு செயலி வேண்டுமாம்.

யாழினி இன்று லீவு. புது ஃபைலைத் திறந்தேன். பழையபடி எழுதினால் கேட்க ஆளில்லை. முதல் வரியிலேயே வகையை எழுதினேன்.