சுக்கானை யார் பிடிப்பது

சனி, ஜூலை 5

விடியற்காலையிலேயே காற்று. முற்றத்தில் மிளகு காயப்போடும் பாய் இரண்டு தடவை சுருண்டது. சுபஹு தொழுத கையோடு யட்டவத்தையிலிருந்து புறப்பாடு. இவர், நான், மகள் ஹனா. இவருடைய ஆட்டோவில்தான்.

கொண்டுபோனவை: மாற்றுத் துணி, பராட்டா, அவித்த முட்டை, ஹனாவின் இருமல் மருந்து. மறந்தது: என் மாற்றுத் துணி. வழக்கம்போல் எல்லாருக்கும் எடுத்து வைத்துவிட்டு என்னை விட்டுவிட்டேன்.

குளத்தடியில் படகுக் கழகம். குடும்பங்களுக்கென்று நாலு வார இறுதிகள் பயிற்சி. ஹனாவின் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு. பின்னால் ஒருவர் சுக்கான் கட்டையைப் பிடிக்க வேண்டும், முன்னால் ஒருவர் சின்னப் பாயைப் பார்க்க வேண்டும், நடுவில் பிள்ளை. பழக்குபவள் நிலூகா மிஸ், நீர்கொழும்புக்காரி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். தமிழ் ‘வாங்க, சாப்பிட்டீங்களா’ அளவுதான். மற்றதெல்லாம் சிங்களம்.

பின்னால் யார் என்று மிஸ் கேட்டு முடிக்கவில்லை, இவர் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. ஆட்டோ ஓட்டிப் பழகிய கையாம்.

கொஞ்ச நேரத்தில் நாணலுக்குள் போய்ச் செருகினோம்.

விஷயம் இவ்வளவுதான். கட்டையை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். ஆட்டோவில் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கமே போகும். இவருக்குத் தலையில் ஏறிவிட்டது, கையில் ஏறவில்லை. மிஸ் மோட்டார் படகில் பின்னாலேயே வந்து, “அனித் பெத்தட்ட! அனித் பெத்தட்ட!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். மற்றப் பக்கம், மற்றப் பக்கம். ஹனா வீடு வரைக்கும் அதையே பாட்டாகப் படித்துக்கொண்டு வந்தாள். இவர் சிரிக்கவில்லை.

ஞாயிறு, ஜூலை 6

தோள்பட்டை, உள்ளங்கை எல்லாம் எரிச்சல். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் ஷால் சரிப்படாது, காற்றில் கண்ணை மூடுகிறது. இறுக்கமான தொப்பி ஒன்று தைக்க வேண்டும்.

கவிழ்ந்தோம். இவர் தப்பான பக்கம் தள்ளினார், பாய் தண்ணீரில் படுத்துவிட்டது. நான் மூச்சு முட்டி மேலே வந்தால், ஹனா படகின் அடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். இவர் முகம் கறுத்துப்போயிற்று. மிஸ் இடம் மாறச் சொன்னாள்.

சுக்கான் என் கையில். முதல் திருப்பம் சுத்தமாக வந்தது. இரண்டாவதும்.

வண்டி ஓட்டுவீங்களா என்று மிஸ் கேட்டாள். இல்லை. சைக்கிள்? இல்லை. அதுதான், கையில் பழைய பழக்கம் எதுவும் இல்லை என்றாள்.

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்கு எரிந்தது. கல்யாணம் முடித்த புதிதில் கேட்டேன், ஆட்டோ பழக்கித் தாங்க என்று. “ஒனக்கு ஏன் அது, நான் ஈக்கிறேனே” என்றார். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. ஓட்டத் தெரியாதவள் என்று பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சனி, ஜூலை 12

தொப்பி தைத்தாயிற்று. கொஞ்சம் பெரிது. பரவாயில்லை.

இன்றும் நான்தான் பின்னால். காற்று எங்கிருந்து வருகிறது என்று கன்னத்தில் தெரிகிறது. பாய் படபடத்தால் என்ன செய்வது, படகு சாய்ந்தால் எங்கே உட்காருவது, யாரும் சொல்லவேண்டியதில்லை. எனக்குக் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எழுதி வைக்கிறேன், ஒரு இடத்திலாவது இருக்கட்டும்.

முன்னால் இருந்து இவர், “மெதுவா, மெதுவா.” பாய்க்கு பிரேக் கிடையாது என்றேன்.

புதன், ஜூலை 16

மதினி ஃபோன் பண்ணினா. இவருடைய மூத்த சகோதரி. முதலில் வெங்காய விலை, பிறகு முழங்கால் வலி, பிறகுதான் விஷயம்.

“பர்சானா, தம்பிய முன்னால ஒக்கார வெச்சிட்டு நீ ஓட்டுறியாமே? ஆட்டோ ஸ்டேண்டுல சிரிக்கிறாங்களாம்.”

“சிரிக்கட்டும் மதினி.”

“ஆம்புளைக்கு ஒரு மதிப்பு வாணாமா?”

“படகு கவுந்தா மதிப்பும் தண்ணிக்குள்ளதான்.”

வைத்துவிட்டா. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஞாயிறு, ஜூலை 20

அடுத்த ஞாயிறு கடைசி நாள். மிஸ் கூட வரமாட்டாள், தூரத்தில் நிற்பாள். ஒவ்வொரு குடும்பமும் தனியாகப் போய் ஆரஞ்சு மிதவையைச் சுற்றி வர வேண்டும். வந்துவிட்டால், இனிமேல் வார இறுதியில் நாங்களாகவே படகெடுக்கலாம். சொந்தக்காரர்கள் பார்க்க வரலாம்.

திரும்பி வரும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். “அன்டைக்கு மட்டும் நான் பிடிக்கிறேன். ஸ்டேண்ட் பொடியன்மார் வாராங்க. மத்த நாளெல்லாம் நீயே பிடி.”

“மாட்டேன்.”

“ஒரு நாள்தானே?”

“அந்த ஒரு நாள்தான் எனக்கும் வேணும்.”

ஹனா இருமினாள். மருந்து தீர்ந்துவிட்டது.

வியாழன், ஜூலை 24

பேச்சுவார்த்தை இல்லை. ‘தேத்தண்ணி’, ‘சோறு’ மட்டும். இவர் பொல்லாதவர் இல்லை, அது எனக்குத் தெரியும். காய்ச்சலென்றால் இரவு முழுக்க விழித்திருப்பார். ஆனால் விட்டுக்கொடுக்கிற முறை எப்போதும் என்னுடையதாகவே இருப்பது எப்படி? யோசிக்க யோசிக்கக் கோபம் கூடுகிறது. குறையவே வேண்டாம்.

ஞாயிறு, ஜூலை 27

நல்ல வெயில், நல்ல காற்று. கரையில் ஸ்டேண்ட்காரர்கள் நாலைந்து பேர், மதினி, மதினியின் குடை.

இவர் லைஃப் ஜாக்கெட் பட்டி இறுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் படகின் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் தண்ணீரில் வந்து நின்றார்.

“எழும்பு.”

“எழும்ப மாட்டேன்.”

எல்லாரும் பார்க்கிறார்கள். கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஹனா, “வாப்பா, ஏறுங்க, காத்து போயிரும்” என்றாள். ஏறினார். முன்னால்.

மிதவையிடம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். திடீரென்று காற்று ஓங்கி அடித்தது. என் கை இடப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு இவர், “ரைட்டுக்கு வெட்டு! ரைட்டுக்கு!” என்று அலறினார். நான் இடப்பக்கமே தள்ளினேன். படகு வலப்பக்கம் அழகாகத் திரும்பியது. மிதவை கைக்கெட்டும் தூரத்தில் கடந்து போனது. வாய்விட்டுக் கத்திவிட்டேன், என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை.

கரையில் ஒருவன் இவரை அண்ணன் முறை வைத்து, “நானா, சோக்கா திருப்பினீங்க” என்றான். இவர், “நான் செல்லச் செல்லத்தானே இவ திருப்பினா” என்றார்.

“நீங்க செல்லினபடி திருப்பியிருந்தா இப்ப நாணலுக்குள்ள ஈப்போம்.”

ஸ்டேண்டே சிரித்தது. மதினி குடையைத் தாழ்த்திக்கொண்டா. அவவும் சிரித்தாவோ என்று எனக்குச் சந்தேகம்.

திங்கள், ஜூலை 28

உடம்பு முழுக்க நோவு. துணி தோய்த்தேன். மிளகு அள்ளினேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆணியில் தொங்கிய ஆட்டோச் சாவியை எடுத்தேன். முன் சீட்டில் உட்கார்ந்தேன். இவர் வெளியே வந்து பார்த்தார். “எறங்கு” என்றார். நான் பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தேன். பெருமூச்சு விட்டு, எட்டிக் கியரையும் கிளட்சையும் காட்டிவிட்டு, ஹனாவோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். தன் ஆட்டோவில் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

இரண்டு தடவை நின்றது. மூன்றாவது தடவை ஓடியது. ஒழுங்கையில் நேராக நல்லாகத்தான் போனேன். முடக்கில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். என் கை தானாக இடப்பக்கம் தள்ளியது.

பின்னாலிருந்து இரண்டு பேரும் ஒரே குரலில், “அனித் பெத்தட்ட!”

பக்கத்து வீட்டு மிளகு வேலிக்குள் நின்றோம். ஒரு கண்ணாடி போய்விட்டது. மடியெல்லாம் இலை. வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். நாளைக் காலை ஸ்டேண்ட் முழுக்கத் தெரிந்துவிடும்.

“இப்ப சரி எறங்குறியா?” என்றார் இவர்.

ரிவர்ஸ் எப்படிப் போடுவது என்று கேட்டேன்.