செவலைக்குப் பிசைந்த தயிர்ச்சோறு

தை 6, வியாழன்

பனி. கொல்லை முருங்கைகூடத் தெரியவில்லை. அறுப்புக்கு இன்னும் ஒரு வாரம் என்கிறார் அவர். டீ போட்டு மூடி வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து காலை டீ அவர் கையால்தான். ஊரில் இதைச் சொன்னால் பொம்பளைகளுக்குப் பொறாமை.

எங்கள் நாய் செவலைக்கு ஒரு பக்கத்துப் பின்காம்புகள் இரண்டும் வீங்கியிருக்கின்றன. பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. குட்டிதான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் முதல் ஈத்து.

நான் டீச்சராக இருக்கிற பால்வாடியில் சமைக்கிற பாக்கியத்திடம் சொன்னேன். "எனக்கு ஒரு பெட்டைக்குட்டிம்மா, இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றாள். சரி என்றேன். இன்றைக்கு முட்டை நாள், பிள்ளைகள் ஒரே கூச்சல்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, "அதுக்கு ஏது குட்டி" என்றார். வாயில் ஒரு நல்ல வார்த்தை வராதே. நாய்க்கும் எனக்கும் வயிறு திறக்காத ஒரே ஜாதகம் என்று ஊரே சொல்கிறது. இவரும் சொல்லட்டும்.

வாங்க: உப்பு, பார் சோப்பு, தீப்பெட்டி.

தை 9, ஞாயிறு

வெயில் வந்தது. நெல் காய்ந்து நிற்கிறது. நிலக்காரர் வீட்டு ஆட்கள் வரப்பில் நடந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். மாமனார் காலத்துக் குத்தகை. நிலத்தை விடச் சொல்லி அவர்கள் போட்ட கேஸ் தாசில்தார் ஆபீசில். ஆட்சி மாறியது, தாசில்தார் மாறினார், கேஸ் இருந்த இடத்தில் இருக்கிறது. போன அறுப்பில் அரிவாளோடு வயலில் இறங்கினார்களே, செவலை குரைத்த குரைப்பில்தான் ஊரே எழுந்து வயலுக்கு ஓடி வந்தது. அதனால் இப்போதும் அவர் காவலுக்குப் போனால் அதுவும் கூடவே. அவரே தயிர்ச்சோறு பிசைந்து, உருட்டி, ஊட்டிக் கூட்டிப்போவார். அவர் கையைப் பார்த்தால் அதற்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

குளிப்பாட்டும்போது தடவிப் பார்த்தேன். வீக்கம் கல் மாதிரி. ஒன்று கொட்டைப்பாக்கு அளவு, ஒன்று எலுமிச்சை அளவு. பால் இல்லை. பெரியதில் தோல் விட்டு நீர் கசிகிறது. பாக்கியம் பால்கட்டு என்கிறாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். நக்கித் தீர்த்துவிட்டது.

வயிற்றில் குட்டி இல்லை. நானாக ஆசைப்பட்டேன்.

தை 12, புதன்

லீவு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் ஒரே பிடிவாதம். வைக்கோல் லாரியில் தஞ்சாவூர், மாட்டாஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகத் தடவிப் பார்த்தார். மார்பகப் புற்றுநோய் மாதிரி இருக்கிறது என்றார். நாய்க்குமா என்றேன். நாய்க்கும் பூனைக்கும் சகஜம், பூனைக்கு வந்தால் இன்னும் மோசம் என்றார்.

பிறகு கேட்டார்: "குட்டி போடாம இருக்க ஊசி, மாத்திரை எதுவும் குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பொம்பளைங்க சாப்பிடுற குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையவே சோத்துல வச்சிக் குடுக்கறாங்க. வருஷக்கணக்கா குடுத்தா கட்டி வர வாய்ப்பு கூடும். குடுக்காமயும் வரும், இல்லேங்கல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குட்டிக்கு ஏங்கிக் கிடக்கிற என்னைப் பார்த்து என்ன கேள்வி இது? சத்தியமாக இல்லை என்றேன். நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலுக்குப் பரவின மாதிரி தெரியவில்லையாம். அடுத்த வியாழன் ஆபரேஷன்.

திரும்பி வரும்போது மடியிலேயே தூங்கியது. சேலை பூரா நாற்றம். இருக்கட்டும்.

தை 13, வியாழன்

அவர் வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். செவலைக்குப் புற்றுநோய், அறுக்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கல்லில் கை நின்றது. "மாத்திரையாலயா? டாக்டரம்மா அப்படியா சொன்னாங்க?"

மாத்திரை என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

நான் அடுப்படிக்குப் போனேன். அவர் தீட்டுவதைத் தொடர்ந்தார். குழம்பு அடிப்பிடித்தது.

தை 14, வெள்ளி

பிள்ளைகளை எடை பார்க்க நர்ஸ் சாரதா அக்கா வந்தார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன், எங்கள் வீட்டில் யாராவது மாத்திரை வாங்குகிறார்களா என்று.

"என்னம்மா இப்படிக் கேக்குற? உனக்குன்னுதானே உங்க வீட்டுக்காரரு மாசாமாசம் வந்து வாங்கிட்டுப் போறாரு. நேர்ல வர நீ வெக்கப்படுறேன்னு சொன்னாரே."

எனக்கா என்றேன்.

"நாள் பூரா ஊராம்பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறே, அலுத்துப்போயிருப்பேன்னு நெனச்சேன். அதான் நானும் தோண்டிக் கேக்கல."

பாக்கியம் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "ஊருக்கே தெரியும்மா. பாவம் அந்த மனுஷன், இவதான் புள்ள வேணாங்குறான்னு பேசிக்குவாங்க. உன் மாமியாரே அழுதுச்சு."

மாமியார் கடைசிக் காலத்தில் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஏன் ஏன் என்று எத்தனை நாள் மருகினேன். குழந்தைக்காகத் தஞ்சாவூர் லேடி டாக்டரிடம் அலைந்தது, கோவில் மரத்தில் தொட்டில் கட்டியது, வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினி, எல்லாம் இந்த மனுஷனுக்குத் தெரியும். தொட்டில் கட்ட மஞ்சள் துணி வாங்கி வந்ததே அவர்தான்.

இன்றும் வெள்ளிக்கிழமை. மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

தை 15, சனி

அறுப்பு ஆரம்பம். தகராறு இல்லை, நிலக்காரர் ஆட்கள் ரோட்டிலேயே நின்றார்கள். கதிர்க்கட்டு களத்துக்கு வந்ததும் மாத்திரையைப் பற்றி அவரிடம் கேட்டேன். ஆட்கள் காதில் விழட்டும் என்றே கேட்டேன்.

"குட்டி போட்டுக்கிட்டு அது படுத்துக் கெடந்தா போன வருஷம் யாரு குரைச்சிருப்பா? இந்நேரம் நெலம் போயிருக்கும். நெலம் போனா நீயும் நானும் எங்க போறது?" என்றார்.

"அதுக்கு என் பேருதான் கெடைச்சுதா?"

"நாய்க்குன்னு கேட்டா குடுப்பாங்களா? சிரிப்பாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. துரோகி. இதைத் தமிழில் எழுத எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். "வாங்கினது அத்தனையும் நாய்க்குத்தானா?"

முகம் செத்துப்போனது அவருக்கு. பைத்தியமாடி உனக்கு என்றார். சத்தியம் என்றார். நம்பத்தான் ஆசை. தன் அம்மா அழுதபோது ஒரு வார்த்தை உண்மை சொல்லாத வாய் அது.

தை 20, வியாழன்

ஆபரேஷன் ஆனது. ஒரு பக்க வரிசை முழுக்க எடுத்துவிட்டார்கள். கர்ப்பப்பையும். கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை விஷயத்தை டாக்டரம்மாவிடம் சொன்னேன். யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் என்றேன் நானாக.

"இனிமே குட்டிக்கு வழியில்லம்மா. நாய் பொழைச்சா போதும்."

போதும்.

தை 23, ஞாயிறு

செவலை எழுந்து நின்றது. தையலில் சீழ் இல்லை. நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. பாக்கியத்துக்கு வேறு எங்காவது குட்டி பார்த்துத் தரவேண்டும்.

மத்தியானம் அவர் தயிர்ச்சோறு பிசைந்து உருட்டிக்கொண்டு வந்தார். நடக்கவே முடியாத நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவர் கையைத் தேடிப் போகிறது. அதற்கு என்ன தெரியும். உருண்டையை அவர் கையிலிருந்து வாங்கிப் பிட்டுப் பார்த்தேன். வெறும் சோறுதான். ஒவ்வொரு பருக்கையாகப் பிரித்துப் பார்த்த பிறகே ஊட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலையில் வழக்கம்போல் டீ போட்டு மூடி வைத்திருந்தார். வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டு எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.